பொற்கொல்லனிடம் யாரும் கேட்கவில்லை

மறுவாழ்வு நிலையம்
21.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கை நடுக்கம் நின்றுவிட்டது, இந்த எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். நீங்களும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? பொங்கலன்று இங்கே சிங்களப் பையன்கள் பாற்சோறு ஆக்கி, "ஒயாகே பொங்கல்", உன்னுடைய பொங்கல் என்று முதல் தட்டை எனக்குத் தந்தார்கள்.

இங்கே போன் வைத்திருக்க விடுவதில்லை. கடிதம்தான். அதையும் தமிழ் தெரிந்த அலுவலர் படித்த பிறகே அனுப்புவார்கள். அவர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருகிறார். தாமதமானால் கோபிக்காதீர்கள்.

ஒரு உதவி வேண்டும். ஞாயிறுதோறும் ஒருவர் எழுந்து ஏதாவது ஒரு மனிதரைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும். மற்றவர்களெல்லாம் கிரிக்கெட்காரர்களைப் பிடித்துக்கொண்டார்கள். இங்குள்ள அலுமாரியில் மூன்றே தமிழ்ப் புத்தகங்கள். அதில் ஒன்று ஆர்க்கிமிடிஸ் பற்றியது. அரசர் அவரைக் கூப்பிட்டுக் கிரீடத்தை நீட்டுகிற இடத்தோடு பக்கங்கள் கிழிந்து போயிருக்கின்றன. கணக்கு டீச்சர் அக்கா இருக்கும்போது எனக்கு என்ன கவலை என்று அவர் பெயரைக் கொடுத்துவிட்டேன். மிச்சத்தை எழுதி அனுப்புங்கள்.

அப்பாவையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் கடைசியாக எழுதியது தீபாவளிக்கு.

உங்கள் தம்பி,
கிருஷ்ணராஜ்

*

பெல்மதுளை
04.02.2024

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ தேறி வருவது நிம்மதி. எனக்குச் சுகம். அப்பா ரப்பர் பால் வெட்டப் போய் வருகிறார்.

நீ கேட்டதை எழுதுகிறேன். சிசிலித் தீவில் சிரக்கூஸ் என்றொரு நகரம். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆர்க்கிமிடிஸ் அங்கே வாழ்ந்தார். அவருடைய கணக்கைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் ஊரில் இல்லை. கடலுக்கு அப்பால் அலெக்சாந்திரியாவில்தான் நாலைந்து பேர் இருந்தார்கள். அதனால் கண்டுபிடித்ததையெல்லாம் கடிதமாக எழுதிக் கப்பலில் அனுப்பினார். இன்று நாம் அவருடைய நூல்கள் என்று சொல்வதில் பாதிக்கு மேல் கடிதங்கள்தான். "இன்னாருக்கு ஆர்க்கிமிடிஸ் வாழ்த்துக் கூறி எழுதுவது" என்றுதான் தொடங்குகின்றன.

கிரீடத்தின் கதை இது. அரசர் ஹீரோன் ஒரு பொற்கொல்லனிடம் பொன்னை நிறுத்துக் கொடுத்து ஒரு கிரீடம் செய்யச் சொன்னார். கிரீடம் வந்தது, நிறையும் சரியாக இருந்தது. ஆனால் பொன்னை எடுத்துவிட்டு வெள்ளியைக் கலந்துவிட்டான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடைக்காமல் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். குளிக்கத் தொட்டியில் இறங்கியபோது தண்ணீர் வழிந்ததைப் பார்த்து ஆர்க்கிமிடிஸுக்கு வழி தெரிந்தது. வெள்ளி பொன்னை விட இலேசு. அதே நிறைக்கு வெள்ளி அதிக இடத்தை அடைக்கும், அதிகத் தண்ணீரைத் தள்ளும். கிரீடத்தையும் அதே நிறையுள்ள சுத்தப் பொன்னையும் தண்ணீரில் இட்டுப் பார்த்தார். கிரீடம்தான் அதிகத் தண்ணீரைத் தள்ளியது. கலப்படம் என்று தெரிந்துவிட்டது.

இதைச் சிங்களத்தில் சொல்வது உனக்குக் கஷ்டமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
விஜயகலா

*

மறுவாழ்வு நிலையம்
19.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். உங்களுக்குத் தடிமன், சளி ஏதும் இல்லையே? அங்கே காலையில் பனி அதிகமாக இருக்கும்.

பேசிவிட்டேன். சமையலறையிலிருந்து வாளியும் இரண்டு தேங்காய்ச் சிரட்டையும் வாங்கி, தண்ணீர் எப்படி வழிகிறது என்று காட்டினேன். கைதட்டினார்கள். அக்கா, எத்தனை வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து ஒருவர் கைதட்டுகிறார் தெரியுமா?

பிறகு ஷிராஸ் எழுந்தான். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். வெளியே இருந்தபோது நகைக்கடையில் பட்டறை வேலை பார்த்தவன். "மச்சான், அந்தப் பொற்கொல்லனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். ஜூலை நடுவில் என்னை விடுவதாகச் சொல்கிறார்கள். பொறுப்பேற்கும் படிவத்தில் வீட்டுத் தலைவர் கையெழுத்துப் போட்டு, வந்து கூட்டிப் போக வேண்டும். படிவத்தை ஜனவரியிலேயே தபாலில் போட்டுவிட்டார்களாம். இன்னும் திரும்பி வரவில்லை. அப்பாவிடம் ஞாபகப்படுத்துங்கள்.

தம்பி,
கிருஷ்ணராஜ்

*

பெல்மதுளை
22.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம். தவணைப் பரீட்சை வேலையால் உடனே எழுத முடியவில்லை.

பொற்கொல்லனுக்கு என்ன தண்டனை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. திருட்டு வெளிப்பட்டது என்பதோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. நம்பிக் கொடுத்ததை மாற்றி வைத்தவனுக்கு என்ன கிடைக்க வேண்டுமோ அது கிடைத்திருக்கும்.

ஆர்க்கிமிடிஸின் முடிவையும் எழுதிவிடுகிறேன். ரோமானியப் படை சிரக்கூஸை முற்றுகையிட்டது. எழுபது வயதைக் கடந்தவர் செய்து கொடுத்த பொறிகளால் இரண்டு வருடம் நகரம் தாக்குப்பிடித்தது. கடைசியில் விழுந்தது. அவரை உயிரோடு கொண்டுவரச் சொல்லித் தளபதி கட்டளையிட்டிருந்தான். அவர் ஏதோ வரைந்துகொண்டிருந்தபோது ஒரு சிப்பாய் வந்து கூப்பிட்டான், கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்றார், வெட்டிவிட்டான். இவர் யார் என்று அவன் கேட்கவே இல்லை. உருளைக்குள் ஒரு கோளம் அடங்கியிருக்கும் உருவத்தைக் கல்லறை மேல் செதுக்கினார்கள். நூற்று முப்பத்தேழு வருடம் கழித்து அதைத் தேடிப்போன ஒரு ரோமானிய அதிகாரியிடம், அப்படி ஒரு கல்லறையே இங்கே இல்லை என்றார்களாம் அந்த ஊர்க்காரர்கள். முட்செடிகளை வெட்டித்தான் கண்டுபிடித்தார்.

படிவத்தைப் பற்றி அப்பாவிடம் பேசச் சமயம் வரவில்லை.

விஜயகலா

*

மறுவாழ்வு நிலையம்
01.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள்தான் சுகமாக இருக்கிறீர்களா என்று தெரியவில்லை. கடிதத்தின் அடியில் "அக்கா" என்று போட மறந்துவிட்டீர்கள்.

உங்கள் பதிலை ஷிராஸிடம் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி சொன்னது கிரீடத்துல வெள்ளி இருக்குன்னு மட்டும்தானே. யாரு கலந்ததுன்னு தண்ணிக்கு எப்பிடித் தெரியும்? ராஜா குடுத்த பொன்னை உரைச்சுப் பாத்தாங்களா? எங்க பட்டறைக்கு வர்ற பொன்னு வரக்குள்ளேயே கலந்துதான் வரும். பழி எங்க தலையில விழும். அந்த மனுசன்ட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்றான். அரைமணி நேரம் சண்டை போல விவாதம் நடந்தது. காவலர்கூட வந்து உட்கார்ந்து கேட்டார்.

அக்கா, நான் புதிதாக ஏதாவது தவறு செய்துவிட்டேனா? உங்கள் சங்கிலியை எடுத்தது, காஸ் சிலிண்டரை விற்றது, அப்பாவைத் தள்ளிவிட்டது, எல்லாவற்றையும் முன்பே எழுதி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வேறு எதுவும் ஞாபகமில்லை. இருந்தால் சொல்லுங்கள்.

தம்பி,
கிருஷ்ணராஜ்

*

பெல்மதுளை
20.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நாங்கள் நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும்.

தவறு எதுவும் இல்லை. வேலைக் களைப்பு, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புக்குத் தண்ணீர் பொருளை மேலே தள்ளும் மேலுதைப்புப் பாடம் நடந்தது. பள்ளித் தராசில் நூல் கட்டிக் கற்களைத் தொங்கவிட்டு, முதலில் காற்றிலும் பிறகு தண்ணீரிலும் நிறுத்தோம். காற்றில் உள்ள நிறையைத் தண்ணீரில் குறைந்த நிறையால் வகுத்தால் சாரடர்த்தி, அதாவது தண்ணீரை விட எத்தனை மடங்கு கனம் என்பது வரும். கண்ணாடிக்கு இரண்டரை, நீலக்கல்லுக்கு நான்கு.

பிள்ளைகள் போன பிறகு அப்பாவின் கல்லையும் நிறுத்தேன். இருபது வருடத்துக்கு முன்னர் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மாணிக்கக் குழிக்குப் போனபோது, பங்குக்குப் பதிலாக முதலாளி கொடுத்தாரே, தகர டப்பாவில் இருக்கும் அந்த நீலம். காற்றில் 16.4 கிராம். தண்ணீரில் 4.1 குறைந்தது. சரியாக நான்கு. அசல் நீலக்கல்தான். அப்பாவிடம் சொன்னேன், சிரித்தார்.

நீயும் சந்தோஷப்படுவாய் என்று எழுதுகிறேன்.

அக்கா,
விஜயகலா

*

மறுவாழ்வு நிலையம்
26.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் இருவரின் சுகத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கணக்கு தவறு. 4.1 வராது. ஆறு, ஆறரை குறைந்திருக்க வேண்டும். திரும்ப நிறுத்துப் பாருங்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னர் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு பெல்மதுளை டவுனில் மாணிக்க வியாபாரம் செய்யும் அப்துல் ரஸாக் ஹாஜியாரிடம் போனேன். விற்கத்தான் போனேன். அப்போதுதான் போதைத் தூளுக்குப் பழகியிருந்தேன். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்தார், தண்ணீரில் நிறுத்தார், கையில் திருப்பித் தந்தார். "மகன், இது கல்லில்ல. போத்தல் கண்ணாடி. உருட்டித் தேச்சிருக்காங்க. வாப்பாட்ட சொல்லிக்கங்க" என்றார்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து டப்பாவில் பழையபடி வைத்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா குளித்துவிட்டு வந்து அதைத் திறந்து பார்ப்பார், அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். அந்த நேரத்தில் அவருடைய முகம் உங்களுக்குத் தெரியும். என்ன சொல்வது?

நீங்கள் தவறாக நிறுத்திருக்கலாம். ஆனால் நீங்கள் தவறாக நிறுப்பவர் இல்லை. அப்படியானால் அந்த நான்கை எதற்கு எழுதினீர்கள் என்று யோசித்தேன். யோசித்த பிறகுதான் இந்த வருடம் அப்பா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று புரிந்தது.

நான் மாற்றி வைக்கவில்லை அக்கா.

கிருஷ்ணராஜ்

*

பெல்மதுளை
08.06.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

ஜனவரியில் வீட்டுக் காணி விஷயமாக அப்பா கல்லை ஒரு தரகரிடம் காட்டினார். உள்ளே குமிழி இருக்கிறது, இது கண்ணாடி என்று அவன் சிரித்தானாம். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அவன் மாத்திட்டான். இனிமே அவன் இந்த வாசல மிதிக்கக் கூடாது. நீ இதப் பத்தி ஒரு எழுத்து எழுதப்படாது" என்றார். படிவத்தை மடித்துக் கூரைச் சந்தில் செருகிவிட்டார்.

தரகன் பொய் சொல்லியிருப்பான் என்று நினைத்து நானே நிறுத்தேன். 6.5 குறைந்தது. மூன்று முறையும் அதேதான். அதோடு நானும் நம்பிவிட்டேன். சங்கிலியை எடுத்தவன் கல்லையும் எடுத்திருப்பான் என்று. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஷிராஸ் சொன்னதை நீ எழுதிய பிறகு எனக்கு உறுத்தத் தொடங்கியது. நேராகக் கேட்கவும் துணிச்சல் இல்லை. ஆர்க்கிமிடிஸ் ஒருமுறை அலெக்சாந்திரியாவுக்கு நிறுவல் இல்லாமல் தேற்றங்களை மட்டும் எழுதி அனுப்பினார். அவற்றில் இரண்டு பொய். எல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும் என்று பீற்றிக்கொள்பவர்கள் அகப்படட்டும் என்று விட்டுவைத்தார். பல வருடம் கழித்து இன்னொரு கடிதத்தில்தான் அதைச் சொன்னார். நானும் அப்படித்தான் அந்த நான்கையும் அப்பா சிரித்தார் என்பதையும் பொய்யாக எழுதினேன். நீ மாற்றியிருந்தால், பிழைத்தோம் என்று சந்தோஷமாகப் பதில் போடுவாய் என்று நினைத்தேன். உனக்கு எதிராக நீயே கணக்கைத் திருத்தி அனுப்புவாய் என்று நினைக்கவில்லை.

நேற்று ஹாஜியாரிடம் போனேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் அப்பாவுக்குச் சாட்சி வேண்டும். அவர் மறக்கவில்லை. "அந்தப் புள்ள தானே? கண்ணாடின்னு சொன்னதும் படியில குந்திக்கிட்டு அழுதிச்சி. எறிஞ்சிட்டுப் போங்கன்னு சொன்னேன். இல்ல, எங்கப்பா தேடுவாருன்னு சொல்லி லேஞ்சித் துணியில முடிஞ்சி எடுத்திட்டுப் போச்சி" என்றார்.

தவறு என்னுடையது தம்பி. அப்பாவிடம் சொல்லப் போகிறேன்.

அக்கா,
விஜயகலா

*

மறுவாழ்வு நிலையம்
17.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்கள் சாப்பிடாமல் கிடக்காதீர்கள்.

என்னை நிரபராதி ஆக்கிவிடாதீர்கள். அது அசலாக இருந்திருந்தால் அன்றைக்கே விற்றிருப்பேன். ஹாஜியார் கடைப் படியில் நான் அழுதது அப்பாவை நினைத்து மட்டும் இல்லை. அன்றைக்குத் தூள் கிடைக்காதே என்றும்தான். நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டதில் பிழை இல்லை.

ஒன்றைக் கேட்கிறேன். அப்பாவிடம் சொல்லாதீர்கள். நான் மாற்றினேன் என்று அவர் நினைக்கும் வரைக்கும் அவரிடம் இருந்தது அசல் கல். மகன் கெட்டவன், அவ்வளவுதான். அது அவருக்குப் பழகிப்போன விஷயம். உண்மையைச் சொன்னால், முதலாளி அவரை முட்டாளாக்கினார் என்றாகிவிடும். இருபது வருடமாக ஒரு போத்தல் துண்டைக் கும்பிட்டார் என்றாகிவிடும். அறுபத்திரண்டு வயதில் அதைத் தாங்குவாரா?

ஷிராஸ் எனக்கு முன்னால் வெளியே போகிறான். அவனுடைய மாமா எஹலியகொடையில் கடை வைத்திருக்கிறார். அவரே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அங்கே போய்க்கொள்கிறேன். நீங்கள் எப்போதாவது வந்து பாருங்கள், போதும்.

தம்பி,
கிருஷ்ணராஜ்

*

பெல்மதுளை
30.06.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. எனக்கு இப்போது பரவாயில்லை. அப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது எழுந்து நடமாடுகிறார்.

உன் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று நாள் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். நீ செய்யாத ஒன்றுக்காக உன்னை எஹலியகொடைக்கு அனுப்பிவிட்டு இந்த வீட்டில் என்னால் சோறு தின்ன முடியாது. அப்பாவின் சந்தோஷத்துக்காக என்று நீ சொல்கிறாய். அவர் ஜனவரியிலிருந்து சந்தோஷமாக இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை மழையால் பால் வெட்டு இல்லை. பள்ளித் தராசைக் கொண்டு வந்து மேசையில் வைத்தேன். ஹாஜியார் சொன்னதையும் நீ எழுதியதையும் சொன்னேன், விற்கத்தான் போனாய் என்பதையும் மறைக்கவில்லை.

அப்பா நம்பவில்லை. "என் கண்ணுக்கு முன்னால நிறு" என்றார். நிறுத்தேன். நூலைத் தானே கட்டிப் பார்த்தார். இன்னொரு முறை நிறுக்கச் சொன்னார். பிறகு, "குழியில இருந்து அவரு எடுத்துக் குடுத்தத நான் பாக்கல. கடதாசியில சுத்தித்தான் குடுத்தாரு. 'காத்தமுத்து, ஓங் குடும்பமே இதுல பொழச்சுக்கும்'னாரு" என்றார். எழுந்து வாசலுக்குப் போனார்.

"மூணு வருசமா தெரிஞ்சிருந்தும் என்ட்ட சொல்லலியா அவன்?" என்று கத்தினார். உன்னைத்தான் திட்டினார். அந்த முதலாளி செத்துப் பத்து வருடமாகிறது, அவரைத் திட்டி என்ன பயன்? டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இல்லை. எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை. நனைந்ததால்தான் காய்ச்சல்.

நேற்றுக் காலை கூரைச் சந்திலிருந்து படிவத்தை எடுத்து, "பேனா இருக்கா?" என்று கேட்டார். நாளை காலை தபாலில் சேர்க்கிறேன். உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொல்கிறார். என்ன எழுதுவார் என்று தெரியாது. எதுவானாலும் படி.

அக்கா,
விஜயகலா

*

பெல்மதுளை
05.07.2024

மகன் கிருஷ்ணராஜ் அறியிறது. நான் சொகமா இருக்கேன். நீயும் சொகமா இருக்க சாமிய கும்புடுறேன்.

அக்கா எல்லாத்தையும் சொல்லிருச்சி. நீ விக்கப் போனத நான் மன்னிக்கல. வந்து என்ட்ட சொல்லாததையும் மன்னிக்கல. நான் ஏமாந்தவன்னு தெரிஞ்சா செத்துப் போயிருவேன்னு நெனச்சியா. அம்பது வருசமா மலையில வேல செஞ்ச ஒடம்புடா இது.

நான் ஒன்ன கேட்டிருக்கணும். கேக்கல. அது என் மேல உள்ள குத்தம்.

அந்த எஹலியகொட ஆளுக்கு வேணாம்னு சொல்லிரு. பதினாறாந் தேதி காலைல மொத பஸ்ஸுல வர்றேன். அக்காவும் லீவு போட்டு வருது. நீ ரெண்டு சுத்து பெருத்துட்டன்னு அக்கா சொல்லுது. பழைய கால்சட்ட பத்தாது. இடுப்பு அளவு என்னான்னு எழுதி அனுப்பு, பெல்மதுளையில தைக்கக் குடுக்கணும்.

அப்பா
காத்தமுத்து